செய்கூலி

"நல்ல காரியத்துக்குத்தானே, குடுங்க" என்று சொல்லிவிட்டு, கையில் எடுத்த ஜிமிக்கியைத் திருப்பிக்கூடப் பார்க்காமல் காசை நீட்டுகிறவர்களைக் காணும்போதெல்லாம் எனக்குள் ஏதோ நெருடுகிறது. நெடுநாளாக இருக்கும் நெருடல். அவர்கள்மேல் குற்றம் சொல்ல எதுவும் இல்லை. சந்தையில் நாங்கள் போடும் மேசையில் பரப்பியிருப்பவை கையால் செய்த சுடுமண் நகைகள். விற்று வரும் பணம், புற்றுநோய் முற்றிப்போனவர்களைக் கடைசிவரை வைத்துப் பார்த்துக்கொள்ளும் ஓர் இல்லத்துக்குப் போகிறது. அதைத் தெரிந்துகொண்டுதான் வருகிறார்கள். பேரம் பேசுவதில்லை. சிலர் மீதிச் சில்லறையையும் உண்டியலில் போட்டுவிட்டுப் போகிறார்கள். நல்ல மனிதர்கள். ஆனாலும் அந்த ஜிமிக்கி கைப்பைக்குள் போகும் விதத்தில் ஏதோ ஒன்று விடுபட்டுப்போகிறது. காதோரம் வைத்துக் கண்ணாடி பார்ப்பதில்லை. கூட வந்தவரிடம் "எனக்கு எடுப்பா இருக்கா?" என்று கேட்பதில்லை. வீட்டில் இருக்கும் நீலப் புடவைக்கு இது ஒத்துவருமா என்று ஒரு கணம் யோசிப்பதில்லை. நகைக்கடையில் கால் கிராம் மூக்குத்தி வாங்கும்போதுகூடப் பெண்கள் முகத்தில் ஒரு தனிக் கவனம் வந்து உட்காரும். புருவம் சுருங்கும், பேச்சு நின்றுபோகும். அந்தக் கவனம் இந்த மேசையின் முன்னால் வருவதே இல்லை. வாங்கிப்போன நகைகள் பிறகு என்ன ஆகின்றன என்பதையும் உறவுக்காரர் வீடுகளில் பார்த்திருக்கிறேன். பீரோவின் மேல்தட்டில், யாரோ வீட்டுக் கல்யாணத்தில் கொடுத்த குங்குமச் சிமிழுக்குப் பக்கத்தில், பிளாஸ்டிக் உறை பிரிக்கப்படாமல் கிடக்கின்றன.

செய்கிறவர் எங்கள் தெருவில் இருக்கும் ஓர் அக்கா. அவருடைய அம்மா கடைசி மாதங்களில் இருந்தது அந்த இல்லத்தில்தான். மண் மானாமதுரைப் பக்கத்திலிருந்து வருகிறது. கடம் செய்கிற ஊர் மண். ஊறவைத்து, துணியில் வடிகட்டி, தண்ணீர் சுண்டிப் பதம் வந்ததும் பிசையத் தொடங்கினால் மணிக்கட்டு கடுக்கும்வரை பிசைய வேண்டும். உள்ளே காற்று தங்கி அதில் ஈரமும் ஒட்டியிருந்தால் நெருப்பில் வெடித்துவிடும். வெடிக்கிற மணி தனியாகப் போவதில்லை, பக்கத்தில் இருப்பதையும் சேர்த்து உடைத்துக்கொண்டு போகும். மணிகளை உள்ளங்கையில் உருட்டி, பல்குத்தும் குச்சியால் துளை போடுகிறார். ஜிமிக்கியின் குடையைச் சின்னக் கரண்டியின் முதுகில் படியவைத்து எடுக்கிறார். குடையின் விளிம்பைச் சுற்றி மிளகில் பாதியளவு உருண்டைகளைக் குழைந்த மண் தொட்டு ஒவ்வொன்றாக ஒட்டுகிறார். அந்த நேரத்தில் யாரும் அவரோடு பேசக்கூடாது. ஜோடி சேர்ப்பதுதான் இதில் பெரும்பாடு. மண் காயும்போது சுருங்கும். இன்று பிசைந்த மண்ணும் போன வாரம் பிசைந்த மண்ணும் ஒரே அளவாகச் சுருங்குவதில்லை. ஆகவே இரண்டு காதுக்கும் ஒரே உருண்டையிலிருந்து ஒரே மூச்சில் செய்தாக வேண்டும். ஒன்று உடைந்தால் மற்றதும் வீண். நிழலில்தான் காயப்போட வேண்டும். வெயில் பட்டால் விரிசல். ஆடிக் காற்றில் ஒரு பக்கம் முந்திக் காய்ந்து கோணிக்கொள்ளும். நன்றாக உலர்ந்த பிறகு உப்புத்தாளால் தேய்க்கிறார். நைட்டியின் முன்பக்கம் முழுக்கச் சாம்பல் நிறத் தூசி படிகிறது, மூக்குக்குள்ளும் போகிறது. கடைசியில் மொட்டைமாடியில், மண்பானைக்குள் உமிக்கும் மரத்தூளுக்கும் நடுவில் அடுக்கி, விராட்டி வைத்து மூட்டுகிறார். காற்று தாராளமாகப் போனால் செக்கச்செவேல் என்று வரும். பானை வாயை மூடிப் புகையை உள்ளேயே அடைத்தால் கறுப்பாக வரும். எனக்கு அந்தக் கறுப்புதான் பிடித்திருக்கிறது. வண்ணமே வேண்டியதில்லை, விரலால் தடவினால் வழவழப்புக்கு அடியில் மெல்லிய சொரசொரப்பு தட்டுப்படும். வாங்குகிறவர்களோ தங்க நிறம் பூசியதைத்தான் கேட்கிறார்கள்.

அவர்கள் தங்கத்தைக் கேட்பதில் வியப்பில்லை. நம் வீடுகளில் நகைக்கும் நோய்க்கும் இருக்கும் உறவு பழையது, தங்கத்தால் ஆனது. பெண்ணுக்குப் போடும் நகையை அழகு என்று சொல்லிக்கொண்டாலும், 'ஆத்திர அவசரத்துக்கு ஆகும்' என்பதையும் அதே மூச்சில் சொல்லித்தான் போடுகிறார்கள். அந்த ஆத்திர அவசரம் பெரும்பாலும் ஆஸ்பத்திரியாகத்தான் இருக்கிறது. முதலில் வளையல் போகும். பிறகு ஆரம், தோடு. தாலிக்கொடியும் போய் மஞ்சள் கயிற்றில் மஞ்சள் கிழங்கு கட்டிக்கொண்டு வார்டு வாசலில் உட்கார்ந்திருக்கும் பெண்களை மதுரையில் பெரியாஸ்பத்திரிப் பக்கம் போகிற எவரும் பார்த்திருப்பார்கள். கிராமத்துப் பாட்டிகளின் காதில் தொங்கிய தண்டட்டியும் இப்படித்தான் போனது. தண்டட்டி போன பிறகும் காது தோளைத் தொட்டுக்கொண்டு வெறுமனே தொங்கும். அது யாருடைய காய்ச்சலுக்கு, யாருடைய பிரசவத்துக்குப் போனது என்று அவர்களுக்கு ஞாபகம் இருக்கும். அடகுக்கடையில் அந்த நகைக்கு நடப்பதை ஒருமுறை நின்று பார்க்க வேண்டும். தராசில் வைக்கிறார்கள். கல் இருந்தால் கல்லின் எடையைக் கழிக்கிறார்கள், அரக்கு இருந்தால் அதையும் கழிக்கிறார்கள். வாங்கும்போது கொடுத்த செய்கூலிக்கும் சேதாரத்துக்கும் அங்கே மதிப்பில்லை. நகைக்கடனுக்கான ரிசர்வ் வங்கி விதியும் இதையேதான் சொல்கிறது: நகையில் இருக்கும் பொன்னின் மதிப்பை மட்டுமே கணக்கில் எடுக்க வேண்டும், வேறு எதையும் சேர்க்கக் கூடாது. அந்த மதிப்பிலும் நெடுங்காலம் 75 விழுக்காடுதான் உச்சவரம்பாக இருந்தது. கடன் கொடுப்பவர் பக்கத்திலிருந்து பார்த்தால் நியாயமான விதி. ஆனால் அந்தத் தராசுத் தட்டில் ஒரு பொற்கொல்லரின் கண்ணும் கையும் ஊதுகுழலில் போன மூச்சும் சுத்தமாக அழிந்துபோகின்றன. மாங்காய் மாலையும் உருக்கிய கட்டியும் அங்கே ஒன்று. நோய் வந்து நகை வீட்டை விட்டுப் போகும்போது முதலில் காணாமல் போவது செய்தவரின் வேலை.

சுடுமண் ஜிமிக்கிக்கு எடை மதிப்பு என்று எதுவும் கிடையாது. அதை யாரும் அடகு பிடிக்க மாட்டார்கள். மொசைக் தரையில் தவறி விழுந்தால் கதை முடிந்தது. மண்ணின் விலை சொற்பம். கொக்கி, வண்ணம், வார்னிஷ், உறை எல்லாம் சேர்த்து ஒரு ஜோடிக்கு நாற்பது ரூபாய் ஆகலாம். மீதி முழுவதும் செய்கூலிதான். தங்கத்தில் செய்கூலி என்பது மேலே ஏறி உட்கார்ந்திருக்கும் ஒரு சிறு பங்கு. இதில் நகையே செய்கூலிதான், வேறொன்றும் இல்லை. ஆனால் மேசைமேல் இருக்கும் அட்டையில் 'விற்பனைத் தொகை முழுவதும் நோயாளிகளின் பராமரிப்புக்கு' என்று எழுதியிருக்கிறது. விலை 150 ரூபாய். பொருள் செலவையும் அக்காவே ஏற்றுக்கொள்கிறார். நூறு நாள் வேலைத் திட்டத்தில் தமிழ்நாட்டுக்கு 2024-25இல் ஒரு நாள் கூலி 319 ரூபாயாக இருந்தது. பிசைந்து, ஒட்டி, தேய்த்து, சுட்டு, வண்ணம் பூசி முடிக்க ஒரு ஜோடிக்கு அரைநாள் உழைப்பு என்று வைத்தால், அந்தக் கூலிக் கணக்கில்கூட 160 ரூபாய் வந்துவிடுகிறது. அந்தக் கூலியும் மண்ணோடு மண்ணாக வேலை செய்கிறவர்களுக்கு உள்ளதுதான். வாழப் போதும் என்று யாரும் சொல்லிவிட முடியாது. ஆக, வாங்குகிறவர் 150 கொடுத்து இருநூறு ரூபாய் பெறுமானமுள்ள பொருளைக் கொண்டுபோகிறார். தானம் கொடுத்த நிறைவோடு போகிறார். உண்மையில் தானம் கொடுத்தவர் மேசைக்குப் பின்னால், உப்புத்தாள் தேய்த்துத் தேய்த்து ரேகை மழுங்கிய விரலோடு உட்கார்ந்திருக்கிறார். ரசீதுப் புத்தகத்தில் அவர் பெயருக்கு இடமில்லை.

இந்தப் பணம் எதற்குப் போகிறது என்பதையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நான் சும்மா கணக்குப் பார்க்கிறேன் என்று ஆகிவிடும். தமிழ்நாட்டில் 2009 முதல் அரசின் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. பல ஏழைக் குடும்பங்களுக்கு அறுவைச் சிகிச்சையும் கதிர்வீச்சும் கைக்கெட்டியிருக்கின்றன. சென்னையில் முத்துலட்சுமி ரெட்டி, தங்கை புற்றுநோயில் இறந்த துக்கத்திலிருந்து எழுந்து, ஊர் ஊராக நிதி திரட்டி 1954இல் பன்னிரண்டு படுக்கைகளோடு தொடங்கிவைத்த அடையாறு புற்றுநோய் நிலையம் இன்று எத்தனை பெரிதாகியிருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் 'இனி வைத்தியம் இல்லை, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க' என்று சொல்லப்பட்ட பிறகு வருகிற நாட்கள் காப்பீட்டு அட்டைக்குள் பெரும்பாலும் அடங்குவதில்லை. அழுகும் புண்ணுக்குக் கட்டுத்துணி, பெரியவர்களுக்கான டயப்பர், படுக்கைப் புண் வராமல் இருக்க நீர்ப்படுக்கை, நாற்றம் தெரியாமல் இருக்கப் புண்மேல் தூவும் மாத்திரைத் தூள், கூட இருக்கும் மகளுக்கு மூன்று வேளைச் சாப்பாடு, அவள் வேலைக்குப் போகாத நாட்களின் கூலி. ஜிமிக்கிப் பணம் போவது இவற்றுக்கு. ஒரு ஜோடி ஜிமிக்கி சில நாள் டயப்பராக மாறுகிறது. இதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. இதைவிடப் பயனுள்ள இடத்துக்கு 150 ரூபாய் போய்விட முடியாது.

பிறகு ஏன் நெருடல் என்று எனக்கே நான் பதில் சொல்லிப் பார்த்திருக்கிறேன். அப்போது ஒரு பழைய கொடை நினைவுக்கு வரும். 1934 ஜனவரியில் காந்தி மலபாருக்கு வந்தபோது வடகரைக் கூட்டத்தில் கௌமுதி என்ற பதினாறு வயதுப் பெண் தன் வளையல்களையும் மாலையையும் தோடுகளையும் ஒவ்வொன்றாகக் கழற்றி ஹரிஜன நிதிக்குக் கொடுத்தாள். இனி நகையே அணிவதில்லை என்றும் சொன்னாள், வாழ்நாள் முழுவதும் அந்த வாக்கைக் காப்பாற்றினாள். காந்தி அதைத் தன் பத்திரிகையில் எழுதினார். அந்தக் கொடையில் கொடுத்தவள் யார் என்று எல்லோருக்கும் தெரிந்தது, ஏனென்றால் அவள் கொடுத்தது பொன், பொன் கண்ணுக்குத் தெரியும். கழற்றிக் கொடுத்தவளை வரலாறு பார்த்துவிடுகிறது. செய்து கொடுக்கிறவளைப் பக்கத்தில் நிற்கிறவரும் பார்ப்பதில்லை. வீட்டுப் பெண் மாலை நேரத்தில் 'சும்மா உக்காந்து' செய்வது வேலையாகவே யாருக்கும் தோன்றுவதில்லை. அப்பளம் இடுவது, பூக்கட்டுவது, வடகம் பிழிவது எல்லாம் எந்தக் கணக்கில் இல்லையோ அதே கணக்கில்தான் இந்த ஜிமிக்கியும் இல்லை. 'நல்ல காரியம்' என்ற சொல் மேலே வந்து விழுந்ததும், மிச்சமிருந்த கொஞ்சப் பார்வையும் மறைந்துவிடுகிறது. மண் வேலை நன்றாக இருக்கிறதா, ஜோடி சேர்ந்திருக்கிறதா, கறுப்பு சீராக ஏறியிருக்கிறதா என்று பார்ப்பதே ஏதோ நாகரிகக் குறைவு என்று ஆகிவிடுகிறது.

மேசை பெரிதானால் என்ன நடக்கும் என்பதற்கு அமெரிக்காவில் சார்லட் ஹேலியின் அனுபவம் இருக்கிறது. பாட்டி, சகோதரி, மகள் என்று குடும்பத்தில் மூன்று தலைமுறைக்கும் மார்பகப் புற்றுநோய் வந்ததைப் பார்த்த அவர், 1990களின் தொடக்கத்தில் கலிஃபோர்னியாவில் தன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, பீச் பழ நிறத்தில் ரிப்பன்களை வெட்டி மடித்து அட்டையில் கோத்தார். தேசியப் புற்றுநோய்க் கழகத்தின் ஆண்டுச் செலவில் ஐந்து விழுக்காடுதான் நோய்த் தடுப்புக்குப் போகிறது, சட்டமியற்றுபவர்களை விழிக்கவைக்க இந்த ரிப்பனை அணிந்து உதவுங்கள் என்று அந்த அட்டை கேட்டது. அவர் ரிப்பனை விற்கவில்லை. கடைவாசலில் நின்று கையில் கொடுத்தார். 1992இல் ஒரு பெண்கள் பத்திரிகையும் எஸ்டீ லாடர் என்ற ஒப்பனைப் பொருள் நிறுவனமும் அந்த ரிப்பனை நாடெங்கும் கொண்டுபோகலாம் என்று அணுகியபோது, இது வியாபாரமாகிவிடும் என்று மறுத்துவிட்டார். அவர்கள் வழக்கறிஞரைக் கேட்டுக்கொண்டு நிறத்தை மாற்றினார்கள். அதுதான் இன்று உலகம் முழுக்கத் தெரியும் இளஞ்சிவப்பு ரிப்பன். அதனால் திரண்ட பணம் பெரிது, கிடைத்த விழிப்புணர்வும் பெரிது, அதை நான் சிறுமைப்படுத்த மாட்டேன். ஆனால் ஹேலியின் ரிப்பன் ஒரு கேள்வியோடு சேர்த்துக் கோக்கப்பட்டிருந்தது. வாங்கிக்கொண்டவர் அட்டையைப் படிக்க வேண்டியிருந்தது. கை மாறியபோது அந்த அட்டை போய்விட்டது, நிறம் மட்டும் தங்கியது. எங்கள் மேசையில் 'நல்ல காரியத்துக்குத்தானே' என்று ஜிமிக்கியைப் பார்க்காமல் எடுக்கும் கையிலும் நான் இதையேதான் காண்கிறேன். காரியம் பொருளை விழுங்கிவிடுகிறது, கொஞ்ச நாளில் காரியமும் ஒரு நிறமாக மட்டும் மிஞ்சுகிறது.

இதற்கு நேர் எதிரான ஒரு வழியும் உண்டு. தென்னாப்பிரிக்காவின் குவாசூலு-நட்டாலில், டர்பன் நகருக்கு அருகில் இருக்கும் ஹில்க்ரெஸ்ட் எய்ட்ஸ் மையத்தில் பெண்கள் பாசிமணியில் சிறு பொம்மைகள் கோக்கிறார்கள், சட்டையில் குத்திக்கொள்ளும் அளவில். பாசிமணி வேலை அந்த மண்ணில் தலைமுறை தலைமுறையாக வருவது. கோக்கிறவர்களே எச்.ஐ.வி.யோடு வாழ்கிறவர்கள், அல்லது அதில் பிள்ளைகளைப் பறிகொடுத்துவிட்டுப் பேரப்பிள்ளைகளை வளர்க்கிறவர்கள். அங்கே கூலியே தர்மம். கோத்ததற்கான காசுதான் மாத்திரைக்கு முன் சாப்பிடச் சோறாகவும் மருந்து வாங்கப் போகும் வண்டிச் சத்தமாகவும் ஆகிறது. இதைப் பற்றி அறிந்தபோது என் நெருடலுக்கு விடை கிடைத்துவிட்டதாகவே நினைத்தேன். யோசிக்க யோசிக்க அதிலும் ஒரு சங்கடம் தெரிந்தது. வாங்குகிறவர் அங்கேயும் பொம்மையைப் பார்க்கிறாரா, அதைக் கோத்தவளின் நோயைப் பார்க்கிறாரா? ஒரு பெண் தான் கோத்த மணியின் நேர்த்திக்காக இல்லாமல் தன் இரத்தத்தில் இருப்பதற்காக வாங்கப்படும்போது அவளுக்கு அது எப்படி இருக்கும்? எங்கள் அக்கா ஆரோக்கியமானவர், அவருடைய உழைப்பு மறைந்துபோகிறது. அங்கே நோய் முன்னால் நின்று உழைப்பை மறைத்துவிடலாம். ஆனாலும் ஒரு வித்தியாசம் பெரியது. கூலி என்று ஒன்று கை மாறுகிற இடத்தில் செய்தவள் வந்து "இது குறைவு" என்று சொல்ல முடியும். தானம் செய்கிறவளுக்கு அந்த வாயும் இல்லை.

இந்தக் கூலி விஷயத்தை அக்காவிடம் எடுத்தேன். அட்டையில் பொருள் செலவு இவ்வளவு, செய்கூலி இவ்வளவு, செய்கூலியைச் செய்தவர் நன்கொடையாகத் தருகிறார், ஆகவே இவ்வளவு இல்லத்துக்குப் போகிறது என்று பிரித்து எழுதலாம் என்றேன். அவருக்கு அது பிடிக்கவே இல்லை. "அம்மாவுக்குச் செய்றதுக்குக் கூலி போடுவாங்களாடி?" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து அவரே பேசினார். கூலி என்று எழுதினால் பார்க்கிறவர்கள் 'இவ்வளவுதானா' என்று அதை ஓர் எண்ணாக்கிவிடுவார்கள், எண்ணாகிவிட்டால் தன் மாலைப் பொழுதுகள் மலிந்துவிடும் என்றார். உப்புத்தாள் தேய்க்கும் நேரத்தில்தான் அம்மாவை நிதானமாக நினைக்க முடிகிறதாம்; மற்ற நேரமெல்லாம் வேலை, பிள்ளைகள், போன். அந்த நேரத்துக்கு விலை வைக்க நான் யார் என்று எனக்கும் தோன்றியது. ஆனாலும் நான் முழுதாக விட்டுக்கொடுக்கவில்லை. இந்த மனநிலை அவருடைய வீட்டில் வேறு வருமானம் இருப்பதால் சாத்தியமாகிறது. நாளைக்கு இந்த மேசைக்குப் பின்னால் ஒரு நோயாளியின் மகள் உட்கார வந்தால், அவளிடமும் 'சேவைதானே' என்று சொல்லிவிடுவோம் என்ற பயம் எனக்கு இருக்கிறது. சேவை செய்ய வசதி இருப்பவரின் பெருந்தன்மை, வசதி இல்லாதவரின் கூலியை விழுங்கிவிடக் கூடாது. கடைசியில் இருவரும் ஒரு பாதி வழியில் வந்து நின்றோம். ரூபாய் எதுவும் எழுதாமல், அந்த ஜோடி எப்படிச் செய்யப்பட்டது என்று மட்டும் உறைக்குள் ஒரு சீட்டு வைக்கிறோம்: எங்கிருந்து வந்த மண், எத்தனை நாள் நிழலில் காய்ந்தது, எந்தச் சூட்டில் கறுத்தது, எப்படிப் பத்திரமாக வைத்துக்கொள்வது. வேறு யாராவது செய்ய வந்தால் அவர்களுக்குக் கூலி கொடுத்துவிட்டுத்தான் மீதி இல்லத்துக்கு என்பதையும் அக்கா ஒத்துக்கொண்டார்.

சீட்டு வைத்ததால் விற்பனை கூடியதாகச் சொல்ல மாட்டேன். பெரும்பாலானவர்கள் இப்போதும் பிரிக்காமலேயே எடுத்துப் போகிறார்கள். ஆனால் போன சந்தையில் பேரன் கையைப் பிடித்துக்கொண்டு வந்த ஒரு வயதான அம்மா, அட்டையில் எழுதியிருந்த எதையும் படிக்காமல், கறுப்பு ஜிமிக்கி ஒன்றை எடுத்து நேரே தன் காதில் மாட்டினார். தலையை ஆட்டிப் பார்த்தார். கழற்றி உள்ளங்கையில் வைத்து எடை பார்த்தார். மற்றதையும் பக்கத்தில் வைத்து உற்றுப் பார்த்துவிட்டு, "இந்தக் கொக்கி கொஞ்சம் சாஞ்சிருக்கே தாயி, போட்டா ஒண்ணு முன்னால பாக்கும், ஒண்ணு பின்னால பாக்கும்" என்றார். வேறு ஜோடி கேட்டார். அதிலும் ஒரு குறை கண்டுபிடித்தார். முப்பது ரூபாய் குறைக்கச் சொன்னார். இது புற்றுநோய்க்காரங்களுக்கு, அம்மா, என்று நான் சொல்ல வாயெடுத்தேன். அக்கா என் முழங்கையைத் தொட்டு நிறுத்தினார். அடுத்த கால்மணி நேரம் இரண்டு பேரும் கொக்கி வளைப்பதைப் பற்றியும், பழைய காலத்துக் கொப்பு எப்படித் திருகாணியில் நின்றது என்பதைப் பற்றியும், கனம் அதிகமானால் காதுத் துளை எப்படி இழுத்துக்கொள்ளும் என்பதைப் பற்றியும் பேசிக்கொண்டிருந்தார்கள். அந்த அம்மா 130 ரூபாய் கொடுத்து, ஜிமிக்கியைக் காதில் போட்டுக்கொண்டே கிளம்பினார். அன்று சாயங்காலம் அக்கா விற்காமல் மீந்த உறைகளை எல்லாம் பிரித்துக் கொட்டி, கொக்கிகளைக் குறடால் ஒவ்வொன்றாக நிமிர்த்த ஆரம்பித்தார்.